பொருள் வல்லார் எங்கே?

இறையனார் களவியலுக்கு எழுந்த உரையின் முகப்பிலே ஒரு வரலாறு சொல்லப்படுகின்றது. பாண்டி நாட்டிலே பன்னீரியாண்டு பஞ்சம் நிலவிற்று. தன்னாற் புலவர்களைப் புரக்க இயலாமை கண்ட அரசன், நாடு பழைய நிலையை அடைந்தபின் மீண்டும் வருக என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டான். பின்னர் மழை பெய்தது, நாடு செழித்தது, அரசன் எத்திசைக்கும் ஆள் போக்கினான். எழுத்து வல்லார் வந்தனர். சொல் வல்லார் வந்தனர். யாப்பு வல்லாரும் வந்தனர். பொருள் வல்லார் மாத்திரம் எங்குங் கிடைத்திலர். அரசன் பெரிதும் கவன்றான். எழுத்தும் சொல்லும் ஆராய்வது பொருளின் பொருட்டன்றோ? அது கிடையாதபோது மற்றவை கிடைத்தும் என்ன பயன்?

இவ்வரலாற்றை நான் வகுப்பிலே சொல்லும்போதெல்லாம், ஆலவாய்ப் பெருமான் செப்பிதழ்களிலே அறுபது சூத்திரம் வரைந்து பீடத்தின் கீழ் இட்ட அற்புதத்தையே மாணாக்கர் வியப்பர். எனக்கோ அரசனுடைய கவலையே பெரிதாகத் தோன்றும். மூன்று துறைக்கு ஆள் நிறைந்திருந்த அவையைப் பார்த்து அவன் மகிழ்ந்திருக்கலாம். மகிழ்ந்திலன். “எதற்கு ஆளில்லை?” என்று கேட்டான். அக்கேள்வியினாலேதான் ஒரு நூல் பிறந்தது.

கற்ற கல்வியைக் கொண்டு பிழைக்க எண்ணும் இளைஞர் ஒவ்வொருவரும் முதலிற் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே. இன்று நம் நாட்டிலே பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர், உத்தியோகம் சில. உத்தியோகம் வருமளவும் காத்திராமல் ‘ரியூஷன்’ வகுப்பு ஒன்று தொடங்கலாம் என்று எண்ணுவோர் மிகப் பலர். எண்ணுவது குற்றமன்று. ஆனால், அவர்களிற் பெரும்பாலார் எழுத்து வல்லாரும் சொல் வல்லாரும் நெருங்கி நிற்கும் வாயிலிலேயே தாமும் போய் நெருங்குகின்றனர். பொருள் வல்லாரைத் தேடும் வாயில் ஒன்று வேறிடத்திலே திறந்து கிடக்கின்றது. அதனைக் கண்டவர் சிலர். அச்சிலருள் ஒருத்தியைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

நான்கு பிள்ளைகளும் ஒரு மண்டபமும்

அவள் என்னிடம் நன்னூலும் தண்டியலங்காரமும் பாடங் கேட்டவள். பின்னர்ப் பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றாள். மணமாகி வவுனியாவிற் குடிபுகுந்தாள். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விடுமுறையில், கணவனோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“ஐயா, உயர்தர வகுப்புத் தமிழ்ப் பாடத்துக்கு ஒரு வகுப்புத் தொடங்கினேன். ஆறு மாதமாகியும் நான்கு பிள்ளைகளே வருகிறார்கள். ஆளுக்கு 1,500 ரூபா. அந்த 6,000 ரூபாவும் மண்டப வாடகைக்கே சரி” என்றாள்.

“தமிழ் கற்பிப்போர் அங்கே வேறு யார் உளர்?” என்று கேட்டேன்.

எதிர்த் தெருவிலே ஒரு பெரிய ரியூட்டரி. அங்கே பேர்பெற்ற ஆசிரியர் ஒருவர். ஒரே கூரையின் கீழ் இருநூறு பிள்ளைகள், ஒலிபெருக்கி, அச்சிட்ட குறிப்புகள், சென்ற ஆண்டு சித்தியெய்தியோரின் படங்கள் தாங்கிய பதாகை. அவரிலும் இவள் நன்றாகக் கற்றவளாதல் கூடும். ஆயினும் பதாகையைப் பார்த்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றாருக்கு அதனை எங்ஙனம் எடுத்துக் காட்டுவது?

“பிள்ளை, உம்மிலே குறையில்லை. நீர் நிற்கும் இடத்திலே ஆள் நிறைந்துவிட்டது. அந்த ஊரிலே எந்தத் தமிழுக்கு ஆளில்லை என்று பாரும்” என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர்த் தன் பக்கத்து வீட்டிலே வாடகைக்கு இருக்கும் தாதி ஒருவரைப் பற்றிச் சொன்னாள். அவர் சிங்களப் பெண். தென்பகுதியிலிருந்து நியமனம் பெற்று வந்தவர். தமிழ்ப் பரீட்சை ஒன்றுக்குத் தோற்ற வேண்டியவராகி, மாலை நேரங்களிலே இவளிடம் வந்து சந்தேகங் கேட்பாராம். “அவர் பணம் தருகிறேன் என்றார்; பக்கத்து வீட்டாரிடம் எப்படி வாங்குவதென்று மறுத்துவிட்டேன்” என்று நகைத்தாள்.

ஆளில்லாத வாயில் அவள் வீட்டு வேலியோடே இருந்தது.

ஆளில்லாத தமிழ்

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டபோது, தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களப் பரீட்சையிலே சித்தியெய்தவேண்டிய நிலை வந்தது. நரைத்த தலையோடு எழுதுவினைஞர்கள் சிங்கள அரிவரி படித்த கதையை என் தந்தையார் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். சிலர் படித்தனர்; சிலர் பதவி துறந்தனர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதியின் பின் அரச சேவையிற் சேர்வோர், ஐந்தாண்டுக்குள் மற்றைய அரசகரும மொழியிலே தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை பிறந்தது. அது பின்னருந் திருத்தப்பட்டது. அன்று தமிழர் சிங்களம் படித்தனர். இன்று சிங்கள உத்தியோகத்தரும் தமிழ் படிக்கவேண்டியவராயினர்.

சட்டம் வந்துவிட்டது. சுற்றறிக்கை வந்துவிட்டது. கற்பிப்பார் வந்தனரா? உயர்தர வகுப்புத் தமிழைக் கற்பிக்க ஊர்தோறும் ஆள் உண்டு. தமிழே அறியாத, வளர்ந்த, வேலைப்பளு மிக்க ஒருவருக்கு அவர் தொழிலுக்கு வேண்டிய தமிழைக் கற்பிக்க ஆள் மிகச் சிலரே. இவ்விரண்டும் ஒரு தொழிலன்று. குழந்தைக்குத் தாய்மொழி நாவிலே இருக்கின்றது. ஆசிரியர் அதனைத் திருத்தினாற் போதும். இவர்களுக்கோ நாவிலேயே வைக்க வேண்டும்.

ஆகவே, என் மாணாக்கி ஒரு முடிவுக்கு வந்தாள். உயர்தர வகுப்பை அந்த நால்வரும் பரீட்சை எழுதும்வரை நடத்தி நிறுத்திவிடுவது. அதன்பின் அரச உத்தியோகத்தருக்குரிய தமிழ், அதனுள்ளும் வைத்தியசாலையிற் பணிபுரிவோருக்குரிய தமிழ், அது மட்டும்.

“இவ்வளவு சுருக்கிவிட்டால் யார் வருவார், ஐயா?” என்று கணவர் கவலைப்பட்டார். நியாயமான கவலை. பரந்த வலை வீசினால் மீன் மிகுதியாகப் படும் என்பது உலக வழக்கு. ஆனால், கிணறு வெட்டுவோன் செய்கை வேறு. அவன் ஒரே இடத்தில் வெட்டுகின்றான். நீர் காணும்வரை ஆழப் போகின்றான். பத்து இடத்திலே முழங்காலளவு வெட்டியவன் வீட்டிலே குடம் நிறைவதில்லை.

வாட்டிலே வழங்குந் தமிழ்

துறையைச் சுருக்கியபின்னர்தான் அதன் ஆழம் தெரியலாயிற்று. தாதி நோயாளியிடம் கேட்கவேண்டிய முதல் வினா, எங்கே வலிக்கிறது என்பது. பாடநூலிலே ‘வலி’ என்று இருக்கின்றது. கட்டிலிலே கிடக்கும் யாழ்ப்பாணத்துக் கிழவி அச்சொல்லை வழங்குவதில்லை. தலையென்றால் அவளுக்குத் ‘தலையிடி’, வயிறென்றால் ‘வயிற்றுக்குத்து’, கை கால் என்றால் ‘உழைவு’, பொதுவாகச் சொன்னால் ‘நோ’. சளி பிடித்தால் ‘தடிமன்’. மூச்சிழுப்பு வந்தால் ‘முட்டு’. வாந்தி எடுத்தால் ‘சத்தி’. இவையனைத்தையும் சேர்த்துத் தனக்கு ‘வருத்தம்’ என்பாள். பாடநூலிலே வருத்தம் என்பதற்குத் துக்கம் என்று பொருள் படித்த தாதி, இந்த அம்மாளுக்கு என்ன துக்கமோ என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினால், காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும்.

அடுத்த கட்டிலிலே மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய குடும்பத்தவர் ஒருவர். அவருக்கு ‘வலி’யும் ‘வாந்தி’யுமே வழக்கு, ‘சத்தி’ என்றால் விளங்காது. ஒரே வாட்டிலே இரு வழக்கு. பரீட்சை வினாத்தாளிலோ மூன்றாவதாக எழுத்து வழக்கு. இம்மூன்றையும் பிரித்தும் இணைத்தும் காட்டவல்லவரே இத்துறைக்கு ஆசிரியர். தொல்காப்பியனார் வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என்று பாயிரங் கூறுகின்றது. ‘சத்தி’யும் ‘உழைவு’ம் வழக்கின் பாற்படுவன. அவற்றைத் தமிழ்ப் பாடத்திலே சேர்ப்பதால் இலக்கணத்துக்கு இழுக்கொன்றும் இல்லை.

ஒலியிலும் இடர் உண்டு. சிங்களத்திலே ககரத்தின் வல்லொலிக்கு ஓரெழுத்து, மெல்லொலிக்கு வேறெழுத்து, ஹகரத்துக்கு இன்னோரெழுத்து. நாமோ ‘கடல்’, ‘தங்கம்’, ‘மகன்’ என்னும் மூன்றிலும் ஒரே எழுத்தை எழுதி மூன்று விதமாக ஒலிக்கின்றோம். அஃதன்றியும், சிங்களப் பேச்சிலே லகர ளகர வேறுபாடு இல்லை. ஒரு தாதி, நோயாளி ஒருவரிடம், “உங்கள் சிறுநீரகத்திலே கள் இருக்கிறது” என்றாராம். கல் என்று சொல்ல நினைத்தார். நோயாளி, “நான் குடிப்பதை விட்டு இரண்டு வருஷமாகிறதே, மகள்” என்று அழுதுவிட்டார்! அன்று முதல் ‘கல்–கள்’, ‘வால்–வாள்’, ‘மனம்–மணம்’ என்ற இணைகள் பாடத்திலே தனியிடம் பெற்றன.

வினைமுற்று மற்றோர் இடர். சிங்களப் பேச்சிலே ‘மம யனவா’, ‘ஒயா யனவா’, ‘எயா யனவா’ என்று தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் ஒரே வினை. தமிழில் போகிறேன், போகிறீர்கள், போகிறார் என்று விகுதி மாறும். அதனால் சிங்களவர் ஒருவர், ‘நான் போகிறார்’ என்பது இயல்பு. அதனைப் பிழை என்று நகைப்பதால் ஆவது ஒன்றுமில்லை. அவர் மொழியில் எஃது இல்லை என்று அறிந்து அதனையே முதலிற் கற்பித்தல் வேண்டும். உள்ளதும் உண்டு. எழுவாய் முதலில், பயனிலை இறுதியில் என்ற சொற்கிடக்கை இருமொழிக்கும் பொது. நம் கடை அவர்களுக்குக் ‘கடே’, தொப்பி ‘தொப்பிய’, பள்ளி ‘பள்ளிய’, சல்லி சல்லியே. முதல் நாள் வகுப்பிலே இச்சொற்களைப் பலகையிலே எழுதி, “இவ்வளவு தமிழ் உங்களுக்கு முன்னமே தெரியும்” என்று சொல்லித் தொடங்குவாளாம் என் மாணாக்கி. அச்சத்தைப் போக்க அதிலும் நல்ல மருந்தில்லை.

இவற்றையெல்லாம் அவள் தனித்தனித் தாளாக்கினாள். ஒரு தாளுக்கு ஒரு சிறு படி. யப்பானிலே தோரு குமொன் என்ற கணித ஆசிரியர், 1954ஆம் ஆண்டிலே, தம் மகனுக்குக் கணக்குப் பழக்கத் தாள் தாளாக எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டிலே ஒசாக்காவில் முதல் நிலையம் தோன்றியது. பின்னர் அது பல நாடுகளிலும் பரந்தது. பாடத்தைச் சிறு படிகளாக்கி, ஒரு படியிலே கால் ஊன்றிய பின்னரே அடுத்த படி என்பதே அவர் முறை. நமக்கு இது புதிதன்று. நாவலரவர்களுடைய பாலபாடங்கள் படிப்படியாகவே அமைந்தவை. வகுத்துக் கொடுத்தல் என்னும் அக்கலையை நாம்தான் மறந்திருந்தோம்.

வரவும் செலவும்

தமிழ்ப் பண்டிதர் பணக்கணக்கு எழுதலாமோ என்று கேட்போர் உளராயின், அவர் அரிசி வாங்கும் கடைக்காரரைக் கேட்கட்டும்.

பக்கத்து வீட்டுத் தாதியும் அவர் தோழியர் ஐவரும் முதலில் வந்தனர். அவர்களுக்கு வேலை முறை மாறி மாறி வரும். ஒரு வாரம் காலை, மறுவாரம் இரவு. திங்கள் மாலை வகுப்பென்றால் பாதிப்பேர் வர இயலாது. அதனால், ஒரே பாடத்தை அவ்வாரத்திலேயே ஒரு காலையும் ஒரு மாலையுமாக இருமுறை நடத்தினாள். எதற்கு வரினும் பாடம் தவறாது. பெரிய ரியூட்டரி இதனைச் செய்ய இயலாது. அங்கே நேரத்துக்கு மாணாக்கர். இங்கே மாணாக்கருக்கு நேரம். சிறு வகுப்பின் வலிமை இத்தகைய இடங்களிலேதான் இருக்கின்றது.

ஒரு குழுவிலே பன்னிருவருக்கு மேற் சேர்ப்பதில்லை என்று வரையறுத்தாள். பேசிப் பழகவேண்டிய பாடத்திலே நாற்பதுபேர் இருந்தால் நால்வரே பேசுவர். ஆளுக்கு மாதம் 2,500 ரூபா. சம்பள நாள் கழிந்த பின் கொடுத்தாற் போதும். ஓராண்டில் இரண்டு குழு நிறைந்தது. 24 பேர், 60,000 ரூபா. மண்டப வாடகை 10,000, தாள், பிரதி, மின்சாரம் 6,000, எஞ்சியது 44,000. பெருஞ்செல்வமன்று. ஆயினும், நான்கு பிள்ளைகளோடு வாடகைக்கு உழைத்த காலத்தை நினைத்தால் அது குடும்பம் நடக்கும் வழி.

விளம்பரம் ஒன்றும் இல்லை. முதற் குழுவினர் வாட்டிலே தமிழ் பேசினர். அதைக் கேட்டு இரண்டாங் குழு வந்தது. சிலர் இடமாற்றம் பெற்று வேற்றூர் சென்றபின்னும் கற்க விரும்பினர். அவர்களுக்கென்று ‘சூம்’ வழியாக ஒரு குழு அமைந்தது. தன் மாமியாரும் அயலவரும் நோயைச் சொல்லும் பாங்கை, அவர்கள் இசைவோடு ஒலிப்பதிவு செய்து, வட்ஸ்அப்பிலே வாரம் ஒன்றாக அனுப்புகின்றாள். இரவுக் கடமைக்குப் போகும் தாதி பஸ்ஸிலே அமர்ந்து ஒரு கிழவியின் முறைப்பாட்டைக் கேட்டுக்கொண்டு போகின்றார்.

ஒரு பெற்றோர் வந்து, ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசிலுக்கும் ஒரு வகுப்பு எடுக்குமாறு வேண்டினர். பதினைந்து பிள்ளைகள் உறுதி என்றனர். மறுத்துவிட்டாள். “அதை எடுத்திருந்தால் 20,000 ரூபா வந்திருக்கும், ஐயா, ஆனால் தாள் எழுதும் நேரம் போயிருக்கும்” என்றாள். ஒரு துறையைப் பற்றுதல் எளிது. வருவாய் தரும் வேறு துறையை மறுத்தலே அரிது.

கோச்சி போன பாதை

பரீட்சைக்குப் பழக்குவோரை ஆங்கிலத்திலே ‘கோச்’ என்பர். குதிரை வண்டிக்கு வழங்கிய பெயர் அது. மாணாக்கனைப் பரீட்சை என்னும் ஊருக்கு ஏற்றிச் செல்லும் வண்டி என்று பல்கலைக்கழக மாணாக்கர் வேடிக்கையாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. நம் நாட்டுப் பழையோர் புகைவண்டியைக் ‘கோச்சி’ என்பதும் அச்சொல்லின் வழி வந்ததே.

அவ்வண்டித் தொழிலிலே புகழ்பெற்றவர் வில்லியம் ஹொப்கின்ஸ். 1793ஆம் ஆண்டிற் பிறந்தவர். கமஞ் செய்து கைகூடாமல், ஏறக்குறைய முப்பது வயதிலே கேம்பிரிட்ஜிற் சேர்ந்து கணிதம் பயின்றவர். மணஞ் செய்தவர் கல்லூரியிலே உறுப்பினர் பதவி வகித்தலாகாது என்ற விதி அக்காலத்தில் இருந்தமையின், அவருக்கு அவ்வழி அடைபட்டது. தனியாசிரியரானார். எல்லாம் கற்பித்தாரல்லர், கணித ‘றைப்பொஸ்’ என்னும் ஒரு பரீட்சைக்கே பழக்கினார். 1849ஆம் ஆண்டளவில் அவர் மாணாக்கருள் முதலிடம் பெற்றோர் மாத்திரம் பதினெழுவர். ஸ்ரோக்ஸ், கெய்லி, கெல்வின், மாக்ஸ்வெல் முதலிய பேரறிஞர் அவரிடம் பயின்றவர்களே. அவருக்குப்பின் எட்வேர்ட் ரூத். 1854ஆம் ஆண்டுப் பரீட்சையிலே மாக்ஸ்வெல் இரண்டாமிடம், ரூத் முதலிடம். அவர் 1888ஆம் ஆண்டுவரை அறுநூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கரைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, வாரந்தோறும் வினாத்தாள் கொடுத்துத் திருத்திப் பழக்கினார். இருபத்தைந்துக்கு மேற்பட்ட முதலிடங்கள் அவர் கையால் விளைந்தன.

பிறகு நடந்ததென்ன? மாணாக்கர் கணிதம் கற்பதை விட்டு இடம் பிடிக்கக் கற்கின்றனர் என்று ஹார்டி முதலிய கணித அறிஞர் குறை கூறினர். முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி வெளியிடும் வழக்கம் 1909ஆம் ஆண்டோடு ஒழிந்தது. வரிசை ஒழிந்ததும் அதனை நம்பி நின்ற தொழிலும் ஒழிந்தது. ஊர் இல்லையாயின் வண்டி எங்கே போவது?

இக்கதையை நான் என் மாணாக்கிக்குச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவள் வகுப்பும் ஒரு சுற்றறிக்கையை நம்பி நிற்கின்றது. இன்று உள்ள சுற்றறிக்கை நாளை மாறலாம், பரீட்சை எளிதாக்கப்படலாம், விலக்களிக்கப்படலாம். அப்பொழுது வகுப்பு நிற்குமா?

“பரீட்சைக்காக வருபவர்கள் நின்றுவிடுவார்கள், ஐயா. நோயாளிக்காக வருபவர்கள் நிற்கமாட்டார்கள்” என்றாள். சித்தியெய்தி, சம்பள ஏற்றமும் பெற்றுவிட்ட மூவர் இன்னும் வகுப்புக்கு வருகின்றனர். அவர்களுள் ஒருவர் பிரசவ வாட்டிலே பணிபுரிபவர். ஓரிரவிலே ஓர் இளந்தாய், பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டதாகச் சொன்னதை விளங்கிக்கொண்டு உடனே வைத்தியரை அழைத்தாராம். தாயும் பிள்ளையும் நலம். “அன்று அவர் என்ன சொன்னார் என்று விளங்காதிருந்தால்?” என்று வகுப்பிலே சொல்லிக் கண் கலங்கினாராம். அவருக்கு இனிப் பரீட்சை எதற்கு?

ஆகவே, குறுகிய துறையைப் பற்றுவோர் ஒன்றைத் தெளிதல் வேண்டும். நாம் பற்றியது பரீட்சையையா, பரீட்சை எதனை நோக்கி எழுந்ததோ அந்தத் தேவையையா? பரீட்சை வரும், போகும். தமிழ்த் தாய் ஒருத்தி நடுச்சாமத்திலே தன் நோவைச் சொல்லும் தேவை ஒழியாது.

நான்கு குற்றம்

முதிய நண்பர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். “தமிழை விலைக்கு விற்கப் பழக்குகிறீரோ? நாவலர் இலவசமாகக் கற்பித்த மண் இது” என்றார். நாவலர் பெருமான் இலவசமாகக் கற்பித்தார், அந்நிலை நமக்கு எட்டாதது, கைகூப்பத் தக்கது. ஆயினும், நூலைக் கேட்டற்கு உரியாரை எண்ணும் பவணந்தி முனிவர், தன்மகன், ஆசான்மகன், அரசன்மகன் என்போரோடு மிக்க பொருள் கொடுப்போனையும் ஒருவனாக வைத்தார். வழிபடுவோனையும் விரைந்து கொள்ள வல்லோனையும் உடன் வைத்தார். கூலி பெறுதல் குற்றமாயின் முனிவர் அதனை விலக்கியிருப்பார்.

அவர் விலக்கியவை வேறு. ஆசிரியராகத் தகாதாருக்கு நான்கு உவமை சொன்னார். ரியூஷன் தொழிலுக்கு இந்நான்கையும் உரைகல்லாகக் கொள்ளலாம். ஒன்று கழற்குடம். கழற்காயை இட்ட முறையிலன்றி, குடத்தைக் கவிழ்த்ததும் தாறுமாறாகக் கொட்டும். படி வகுக்காமல் குறிப்பைக் குவிப்பவர் இவர். இரண்டு மடற்பனை. தானாக உதிர்த்தாலன்றி, நாடி வந்து ஏறுவோருக்குக் கொடாது. சந்தேகங் கேட்க விடாமல் ஒலிபெருக்கியில் உரைத்துப் போகிறவர் இவர். மூன்று பருத்திக் குண்டிகை. பஞ்சை அதனுள் அடைப்பதும் அரிது. அதிலிருந்து எடுப்பதும் அரிது. தாம் வருந்திக் கற்றதை மறைத்து வைத்து மாதம் வளர்ப்பவர் இவர். நான்கு முடத்தெங்கு. வேலிக்குள்ளே நீர் வார்த்து வளர்த்தவன் ஒருவன். வளைந்துபோய்க் காய் சொரிவது அயலான் வளவிலே. பகலிலே பாடசாலையிற் சம்பளம் பெற்றுக்கொண்டு, அங்கே சொல்லவேண்டியதை மாலை வகுப்புக்கென்று ஒளித்து வைக்கும் ஆசிரியருக்கு இதனிலும் பொருத்தமான உவமை எங்கே கிடைக்கும்?

பணம் பெறுதல் இந்நான்கினுள் ஒன்றன்று. பணம் பெற்றும் கொடாமையே குற்றம்.

இன்னொருவர் வேறு விதமாகக் கேட்டார்: “அவர்களுக்கு நாம் ஏன் தமிழ் கற்பிக்கவேண்டும்?” என்று. நான் விடை சொல்லவில்லை. அவருடைய தாயார் கிளினிக்குக்குப் போகும் நாள் என்று என்று மட்டும் கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார்.

அண்மையிலே ஒருவர் என் மாணாக்கியின் தாள்களைப் பிரதி எடுத்து, அடுத்த தெருவிலே பாதிக் கூலிக்கு வகுப்புத் தொடங்கியிருக்கின்றார். அவள் கலங்கவில்லை. தாள்கள் போய்விட்டன, ஆனால் ஒவ்வொரு வாரமும் தாதியர் கொண்டுவந்து தரும் புதிய சொல்லும் புதிய தடுமாற்றமும் அவளிடமே வருகின்றன. அவற்றிலிருந்து அடுத்த தாள் பிறக்கின்றது. ஒரு துறையில் ஆழ நிற்போருக்கு மாணாக்கரே நூல்.

வேலை தேடும் தமிழ்ப் பட்டதாரிகளுக்குச் சொல்லுவேன். உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். பழைய காணி உறுதியிலுள்ள தமிழை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாமல் அலைவோர் இருக்கின்றனர். கண்ணொளி இழந்த பிள்ளைக்குப் புள்ளியெழுத்திலே தமிழ் இலக்கணம் சொல்வாரின்றிப் பெற்றார் கவல்கின்றனர். புலம்பெயர்ந்த நாட்டிலே பேரப்பிள்ளையோடு பேச மொழியில்லாத பாட்டியர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். எழுத்து வல்லாரும் சொல் வல்லாரும் நிறைந்த அவைக்கு நீங்களும் ஒருவராகப் போகவேண்டியதில்லை.

‘பொருள்’ என்ற சொல்லுக்கு நம் மொழியிலே செல்வம் என்றும் அர்த்தம். கருத்து என்றும் அர்த்தம். ஒன்றைத் தேடிப் போனவருக்கு மற்றையதும் கிடைக்கும் இடங்கள் உலகிலே அதிகமில்லை. ஆளில்லாத வாயில் அவற்றுள் ஒன்று.